ஏலகிரி, ஜவ்வாது மலையில மலை சரிஞ்சு புதுசா ஏரி உண்டாகுமா?

உங்க கேள்வியில மூணு விஷயம் கலந்திருக்கு, முதல்ல பிரிச்சுக்கறேன். ஏலகிரி மேல இருக்கற புங்கனூர் ஏரி பூகம்பத்துல உண்டானதான்னு ஒண்ணு. 2021-ல குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பூமி ஆடினதுக்கும் 2024-ல திருவண்ணாமலையில மண் சரிஞ்சதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஒண்ணு. இமயமலையில நடக்கற மாதிரி நம்ம மலையும் சரிஞ்சு ஆத்தை அடைச்சு காடெல்லாம் முழுகி ஏரியா மாறுமான்னு ஒண்ணு. ஆனா கடைசி வரியில உங்க மாமா ஏலகிரிக்கு கீழ இருக்கற பொன்னேரி பக்கம் மலையடிவாரத்துல மனை பார்த்திருக்கறதா எழுதியிருக்கீங்க, அதனால நீங்க உண்மையில கேக்கறது "அங்க வீடு கட்டலாமா, மேல இருந்து ஏதாச்சும் வந்துடுமா"ன்னுதான்னு எடுத்துக்கறேன். நான் ஜியாலஜி படிச்சவன், இமயமலையில கட்வால் பக்கம் ரோடு வேலைக்காக மலைச்சரிவு சர்வே பண்ணிட்டு இருந்தேன், இப்போ வேலூர்ல இருந்துகிட்டு கிணறு, குவாரி, மலை ரோடுன்னு நம்ம பக்கத்து வேலைங்களைத்தான் பார்க்கறேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

புங்கனூர் ஏரி விஷயத்தை சீக்கிரம் முடிச்சுடலாம், அது ஆளுங்க கட்டின ஏரி, மழைத்தண்ணியை தேக்கி வைக்க உண்டாக்கினது. ஏலகிரி பாறை சையனைட் (syenite)னு ஒரு வகை, சுமார் 75 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கு அடியில குழம்பா ஏறி வந்து உள்ளயே உறைஞ்சது, மேல மூடியிருந்த பாறையெல்லாம் காலப்போக்குல தேய்ஞ்சு போய் இப்போ மலையா வெளிய நிக்குது. அந்த ஏரிக்கும் பூகம்பத்துக்கும் சம்பந்தம் இல்ல.

மலை சரிஞ்சு ஏரி உண்டாகணும்னா மூணு சேரணும். குறுகலான பள்ளத்தாக்கு வேணும், அதை முழுசா அடைக்கற அளவுக்கு ஒரே நேரத்துல பாறையும் மண்ணும் விழணும், பின்னாடி தேங்கறதுக்கு ஓடற தண்ணி இருக்கணும். இதுக்கு பூகம்பம் கட்டாயம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. நம்ம நாட்டுலயே கோஹ்னா ஏரின்னு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 1893 செப்டம்பர்ல கட்வால்ல பிரேஹி கங்கை ஆத்து மேல ஒரு மலையே சரிஞ்சு சுமார் 900 அடி உயரத்துக்கு அடைச்சுது, பூகம்பம் எதுவும் இல்ல, மழைக்காலத்துல அடி அரிச்சு விழுந்ததுதான். அப்போ புல்ஃபோர்டுன்னு ஒரு இன்ஜினியர் போய் பார்த்து, தண்ணி எவ்ளோ வேகத்துல ஏறுதுன்னு கணக்கு போட்டு, அடுத்த வருஷம் ஆகஸ்ட் நடுவுல மேல வழியும்னு முன்கூட்டியே சொன்னாரு. ஏரிக்கரையில இருந்து ஹரித்துவார் வரைக்கும் தந்திக் கம்பி இழுத்தாங்க, கீழ இருந்த தொங்கு பாலங்களை கழட்டி எடுத்தாங்க, ஊர் ஊரா எந்த உயரத்துக்கு மேல ஏறி நிக்கணும்னு அடையாளம் வெச்சாங்க. 1894 ஆகஸ்ட் 25 காலையில வழிய ஆரம்பிச்சு, ராத்திரி உடைஞ்சுது, கீழ கட்வால்லயே இருக்கற ஸ்ரீநகர் டவுனே (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்ல) அடிச்சுட்டு போயிடுச்சு. அவ்ளோ பெரிய வெள்ளத்துல செத்தது அஞ்சே பேர், ஒரு சாமியாரும் அவர் குடும்பமும், வெளியேத்தின பிறகு திரும்பி போய் உக்காந்தவங்க. செல்போனும் சாட்டிலைட்டும் இல்லாத காலத்துல இப்படி ஒரு வேலை நடந்திருக்குங்கறது எனக்கு இன்னிக்கும் பெரிய விஷயம், எங்க துறைக்கு வர்ற பசங்க கிட்ட முதல்ல இதைத்தான் சொல்லுவேன். மிச்சமிருந்த ஏரி 1970 ஜூலை வெள்ளத்துல ஒரேயடியா போயிடுச்சு.

சரிஞ்சு உண்டான ஏரி ஏன் உடையுதுன்னா, நம்ம ஊர் ஏரியை நினைச்சுக்குங்க. நம்ம ஏரிக்கு மதகு இருக்கு, கலங்கல் இருக்கு, நிரம்பினா கல் கட்டின இடத்து வழியா கோடி போகும், கரைக்கு ஒண்ணும் ஆகாது. மலை விழுந்து உண்டான கரையில இது எதுவும் கிடையாது. தண்ணி ஏறி ஏறி எந்த இடம் தாழ்வோ அங்க வழியும், வழியற தண்ணி இளகின மண்ணை அரிக்கும், அரிச்ச பள்ளத்துல இன்னும் வேகமா தண்ணி போகும், சில மணி நேரத்துல மொத்தமா திறந்துக்கும். கோஸ்டா, ஷூஸ்டர்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளருங்க 1988-ல இந்த மாதிரி உடைஞ்சு போன 73 அடைப்புகளை எடுத்து பார்த்தாங்க, கால்வாசிக்கு மேல ஒரே நாள்ல உடைஞ்சிருக்கு, பாதி பத்து நாளைக்குள்ள, ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள 85 சதவீதம் போயிடுச்சு. அதனால மலை விழற நேரத்து சாவை விட, அதுக்கப்புறம் வர்ற வெள்ளத்துல கீழ தூரத்துல இருக்கறவங்க சாகறதுதான் பல இடத்துல ஜாஸ்தி. ஏரி உடைஞ்சா இன்னா ஆகும்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லித்தர வேண்டியதே இல்ல, 1903 நவம்பர் 12-ல அப்போதைய மைசூர் சமஸ்தானத்துல ஏரி உடைஞ்சு பாலாத்துல வந்த தண்ணி வாணியம்பாடியில சுமார் 200 பேரை வாரிகிட்டு போச்சு, அதுக்கு நினைவுத்தூண் இன்னும் அங்க நிக்குது. அது ஆளுங்க கட்டின ஏரி, மலைச்சரிவு இல்ல, ஆனா தண்ணி பண்ற வேலை ரெண்டுலயும் ஒண்ணுதான்.

இப்போ பூகம்பத்துக்கு வருவோம். மழை ஒரு சரிவு, ரெண்டு சரிவுன்னு விழவைக்கும், பெரிய பூகம்பம் ஒரு நிமிஷத்துல ஒரு மாவட்டம் அளவு மலையையே உலுக்கி ஆயிரக்கணக்குல சரிய வைக்கும். 2008 மே 12-ல சீனாவுல வென்சுவான்ல 7.9 அளவுல வந்தப்போ 800-க்கு மேல ஆத்து அடைப்புங்க உண்டாச்சு. அதுல பெரிசு தாங்ஜியாஷான், ராணுவம் போய் கரையில வாய்க்கால் வெட்டி ஜூன் 10-ல தண்ணியை வெளிய விட்டாங்க, அதுக்கு முன்னாடி கீழ இருந்த ரெண்டரை லட்சம் பேருக்கு மேல வெளியேத்தினாங்க. நம்ம அசாம்ல 1950 ஆகஸ்ட் 15-ல 8.6 வந்தப்போ சுபன்சிரி ஆறு அடைபட்டு, சில நாள் கழிச்சு உடைஞ்சு, கீழ ஐநூறு பேருக்கு மேல செத்தாங்க. எல்லாமே உடைஞ்சுடும்னும் சொல்ல முடியாது. தஜிகிஸ்தான்ல 1911 பிப்ரவரியில பூகம்பத்துல விழுந்த உசோய் அடைப்பு 567 மீட்டர் உயரம், உலகத்துல மனுஷன் கட்டின எந்த அணையும் அந்த உயரம் கிடையாது, அது பின்னாடி தேங்கின சாரெஸ் ஏரி நூறு வருஷம் தாண்டி இன்னும் நிக்குது. உசோய்ங்கற ஊர் மலைக்கு அடியில போச்சு, சாரெஸ்ங்கற ஊர் தண்ணிக்கு அடியில போச்சு, பேரு மட்டும் அணைக்கும் ஏரிக்கும் மிஞ்சியிருக்கு. உடையாம நிக்கறதுக்கு காரணம் அடைப்பு ரொம்ப அகலம், பெரிய பெரிய பாறை, தண்ணி மேல வழியாம நடுவுல கசிஞ்சு கீழ வெளிய வருது. இன்னொரு பூகம்பம் வந்தா தாங்குமாங்கறதுல நிபுணருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல.

காடு இன்னா ஆகும்னு கேட்டிருந்தீங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். தண்ணி மெதுவா ஏறினா மரம் நின்ன இடத்துலயே முழுகி, வேருக்கு காத்து இல்லாம செத்துடும், ஆனா விழாது. குளிர்ந்த ஆழமான தண்ணியில மக்கறது ரொம்ப மெதுவா நடக்கும், அதனால நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சும் அடிமரம் நேரா நிக்கும். அமெரிக்காவுல சியாட்டில் பக்கத்துல வாஷிங்டன் ஏரிக்கு அடியில இப்படி ஒரு காடே நிக்குது, சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னாடி பூகம்பத்துல கரை மரத்தோட சேர்ந்து வழுக்கி ஏரிக்குள்ள இறங்கினது. அந்த மரத்தோட வளையத்தை எண்ணித்தான் பூகம்பம் எந்தக் காலத்துலன்னு கண்டுபிடிச்சாங்க. ஏரிக்கு அடியில படியற சேறும் இப்படித்தான், வருஷா வருஷம் மெல்லிசா படியும், பூகம்பத்துல கரை சரிஞ்சா மட்டும் திடீர்னு ஒரு தடிச்ச அடுக்கு வரும், குழாய் இறக்கி அந்த சேத்தை எடுத்து பார்த்தா மனுஷன் எழுதி வைக்காத காலத்து பூகம்பமும் தெரியும். கட்வால்ல ஆத்துக்கு மேல உயரத்துல, மலைப்பக்கத்துல ஒட்டிகிட்டு இருக்கற அடுக்கடுக்கான சாம்பல் நிற களிமண்ணை நானே பார்த்திருக்கேன், நகத்தால கீறினா தாள் தாளா பிரியும், கல்லு ஒண்ணு கூட கலந்திருக்காது. ஓடற ஆறு அப்படி படிய வைக்காது, அங்க ஒரு காலத்துல ஏரி தேங்கி நின்னிருக்குன்னு அர்த்தம்.

மரம் நிக்காம போறதுக்கும் உதாரணம் இருக்கு. 1980 மே 18-ல அமெரிக்காவுல செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிச்சப்போ, 5.1 அளவு அதிர்ச்சியில மலையோட வடக்கு முகமே சரிஞ்சுது, பதிவான சரிவுங்கள்ல உலகத்துலயே பெரிசு அது. அதுல ஒரு பங்கு ஸ்பிரிட் ஏரிக்குள்ள இறங்கி, தண்ணி எதிர்க்கரை மேல 260 மீட்டர் உயரம் ஏறி, அங்க இருந்த காட்டை மொத்தமா உருவிகிட்டு திரும்பி வந்துது. ஏரி மட்டம் சுமார் 60 மீட்டர் உயர்ந்துடுச்சு. அந்த மரக்கட்டைங்க நாப்பது வருஷம் தாண்டியும் ஏரி மேல மிதந்துகிட்டு, காத்து அடிக்கற பக்கம் கூட்டமா நகர்ந்துகிட்டு இருக்கு. ஏரி உடைஞ்சுடுமோன்னு பயந்து மலையைக் குடைஞ்சு சுரங்கம் போட்டு 1985-ல தண்ணியை திருப்பி விட்டாங்க.

சரிவே இல்லாம பூகம்பம் மட்டும் ஏரியை மாத்தவும் முடியும். 1959 ஆகஸ்ட் 17 ராத்திரி அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல ஹெப்ஜென் ஏரிக்கு அடியில நிலமே ஒரு பக்கமா சாய்ஞ்சுது, தண்ணி ஊத்தின தாம்பாளத்தை ஒரு ஓரமா அழுத்தினா என்னாகும், அதேதான், வடக்குக் கரையில வீடுங்க முழுகிச்சு, தெற்குக் கரையில படகுத்துறை காய்ஞ்ச நிலத்துல நின்னுச்சு, தண்ணி இப்படியும் அப்படியுமா ஆடி அணைக்கு மேலயே பல தடவை வழிஞ்சுது. அதே ராத்திரி கீழ மேடிசன் ஆத்துல மலை சரிஞ்சு ஆறு அடைபட்டு புது ஏரி ஒண்ணு உண்டாச்சு, மொத்தம் 28 பேர் செத்தாங்க. பின்னாடி தாங்ஜியாஷான்ல பண்ணின மாதிரியே அங்கயும் ஒரு மாசத்துக்குள்ள கரையில வழி வெட்டி விட்டாங்க, ஏரி இன்னும் இருக்கு, அதுல செத்த மரங்களும் நிக்குது.

காடு இருந்தா மலை சரியாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது பாதிதான் சரி. வேரு மேல ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் மண்ணை நல்லா புடிச்சு வெச்சுக்கும், நம்ம மலையில வர்ற சரிவெல்லாம் பெரும்பாலும் அந்த ஆழம்தான், அதனால நமக்கு காடு ரொம்ப முக்கியம். ஆனா பாறைக்குள்ளயே முப்பது, அம்பது மீட்டர் ஆழத்துல அறுந்து வர்ற சரிவை எந்த வேரும் நிறுத்தாது, அது காட்டையும் சேர்த்து தூக்கிகிட்டு வரும். 2024 ஜூலை 30 வயநாட்டுல வந்தது காட்டுக்குள்ள ஆரம்பிச்சதுதான், ரெண்டு நாள்ல 570 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டின பிறகு கிளம்பி சுமார் 8 கிலோமீட்டர் தூரம் போச்சு. அதே மாதிரி மரம் வெட்டின உடனே ஆபத்து வராது, கீழ இருக்கற வேரு மக்கறதுக்கு சில வருஷம் ஆகும், வெட்டி அஞ்சு பத்து வருஷம் கழிச்சுதான் சரிவு ரொம்ப பலவீனமா இருக்கும். அதுக்குள்ள வெட்டினதை எல்லாரும் மறந்துடறாங்க.

சரி, நம்ம ஊருக்கு வரேன். 2021 நவம்பர் 29 விடியக்காலையில வேலூருக்கு மேற்கு தென்மேற்கா பதிவானது 3.6 அளவு. டிசம்பர்லயும் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் அதே மாதிரி சின்னதா வந்துச்சு, பாத்திரம் உருண்டுது, சுவத்துல விரிசல் விட்டுது, ஜனங்க ராத்திரி வெளியவே படுத்தாங்க. அந்த பயம் நியாயமானதுதான், வீட்டுக்கு அடியில இருந்து சத்தம் வந்தா யாருக்குத்தான் பயம் இல்ல. ஆனா அளவு ஒரு எண் கூடினா சக்தி சுமார் 32 மடங்கு கூடும், அந்த கணக்குல வென்சுவான்ல வந்தது நம்ம 3.6-ஐ விட ஏறக்குறைய 28 லட்சம் மடங்கு. பூகம்பமும் மலைச்சரிவும் சம்பந்தமா 1984-ல வந்த கீஃபரோட ஆய்வுப்படி 4-க்கு கீழ உள்ள அதிர்ச்சி சரிவை உண்டாக்கறது ரொம்ப அரிது, ஏற்கனவே விழ தயாரா இருக்கற ஒத்தைக் கல்லு வேணா உருளலாம். அதனால 2021 அதிர்ச்சிதான் மூணு வருஷம் கழிச்சு திருவண்ணாமலையை சரிய வெச்சுதுன்னு வாட்ஸ்அப்ல சுத்தறதை நம்பாதீங்க. இது உறுதியா சொல்லக்கூடிய பக்கம். சந்தேகத்துல இருக்கற பக்கம் இன்னொண்ணு, அந்த நவம்பர்ல பாலாத்துல நூறு வருஷத்துல காணாத வெள்ளம், அவ்ளோ தண்ணி பாறை வெடிப்புல இறங்கித்தான் பூமி ஆடுச்சுன்னு சொல்றாங்களே, அது நடக்கக்கூடியதுதான், தேக்கின தண்ணி பூகம்பத்தை தூண்டும்னு 1967-ல மகாராஷ்டிராவுல கொய்னா அணைப் பக்கம் வந்த பூகம்பத்துல இருந்தே தெரியும். ஆனா பேரணாம்பட்டுல அதுதான் நடந்துதுன்னு நிரூபணம் ஆகலை. நம்ம தமிழ்நாட்டுக்கு பெரிய பூகம்பமே வராதுன்னும் நான் சொல்ல மாட்டேன், 1900 பிப்ரவரியில கோயமுத்தூர் பக்கம் சுமார் 6 அளவுல வந்திருக்கு.

திருவண்ணாமலையில 2024 டிசம்பர் 1-ல நடந்தது ஃபெஞ்சல் புயல் மழையில. வ.உ.சி. நகர்ல மலையடிவாரத்துல வீட்டு மேல பாறையும் மண்ணும் விழுந்து குழந்தைங்களோட ஏழு பேர் செத்தாங்க. பழைய வடாற்காடு முழுக்க மலைங்களோட குணம் இதுதான், உள்ள பாறை கெட்டி, மேல தோல் மட்டும் செத்துப்போன பாறை. அமிர்தி போற ரோட்டுலயோ ஜமுனாமரத்தூர் ஏறும்போதோ ரோட்டுக்கு வெட்டின இடத்துல வண்டியை நிறுத்தி பாருங்க, செம்மண், அதுக்கு கீழ மொரம்பு, அதுக்குள்ள ஆள் உயர உருண்டைக் கல்லுங்க பதிஞ்சிருக்கும், சுத்தி இருக்கறது விரலால அழுத்தினா உதிரும், கல்லு மட்டும் சுத்தியால அடிச்சா கணீர்னு இருக்கும். நாலு நாள் மழை பெய்ஞ்சா மண்ணும் பாறையும் சேர்ற கோட்டுல தண்ணி கசியறது கண்ணுக்கே தெரியும். அந்த தண்ணிதான் மண்ணை தூக்கி விடுது, உருண்டைக் கல்லுக்கு கீழ புடிப்பு போயிடுது. அதுக்கு பூமி ஆடவே வேணாம்.

ஆக நம்ம மலையில சாரெஸ் மாதிரி ஏரி உண்டாகுமான்னா, உண்டாகாதுன்னுதான் சொல்லுவேன், அவ்ளோ உயரமான குறுகலான பள்ளத்தாக்கும் வருஷம் முழுக்க ஓடற ஆறும் நமக்கு இல்ல, பாலாறே பாதி வருஷம் மணல்தான். ஆனா கனமழை நேரத்துல மேல ஒரு சின்ன சரிவு மரத்தோட விழுந்து கானாத்தை, அதாவது மலையில இருந்து இறங்கற காட்டாத்தை, சில மணி நேரம் அடைக்கறது நம்ம மலையிலயும் சாத்தியம், அப்புறம் அது ஒரே மூச்சுல திறந்துகிட்டு கல்லும் மரமும் சேறுமா இறங்கும். அதுக்கு ஒரு அறிகுறி உண்டு, மலையடிவாரத்துல இருக்கற எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். மழை விடாம கொட்டிகிட்டு இருக்கும்போது கானாத்துல தண்ணி திடீர்னு குறைஞ்சா, வெள்ளம் வடிஞ்சுதுன்னு சந்தோஷப்படாதீங்க, மேல எங்கயோ அடைச்சிருக்கு. உடனே கானாத்தை விட்டு பக்கவாட்டுல மேட்டுக்கு ஏறணும், கானாத்தோட கீழ் நோக்கி ஓடக்கூடாது. தண்ணி திடீர்னு கலங்கி செக்கச்செவேல்னு வர்றது, சரிவு மேல புதுசா விரிசல், நேரா இருந்த மரமோ கம்பமோ சாயறது, இல்லாத இடத்துல ஊத்து கிளம்பறது, இதுல எது தெரிஞ்சாலும் விலகிட்டு 1077-க்கு போன் பண்ணுங்க, அது மாவட்ட பேரிடர் நம்பர்.

உங்க மாமா மனைக்கு வருவோம். நேர்ல பார்க்காம சரின்னோ வேணாம்னோ சொல்றது தப்பு, ஆனா நீங்களே போய் பார்க்கக்கூடியது இருக்கு. முதல்ல, கானாறு மலையை விட்டு வெளிய வர்ற வாய்க்கு நேரா மனை இருக்கான்னு பாருங்க, இப்போ காய்ஞ்சு, முள்ளு முளைச்சு, ரோடு போட்டிருந்தாலும் அது கானாறுதான், பழைய கிராம வரைபடத்துல காட்டும். ரெண்டாவது, பக்கத்துல புதுசா வெட்டின கிணறோ பள்ளமோ இருந்தா ஓரத்தை எட்டிப் பாருங்க. மணல் ஒரு பட்டை, கூழாங்கல் ஒரு பட்டைன்னு பிரிஞ்சு இருந்தா தண்ணி கொண்டு வந்து போட்டது, அது பரவாயில்ல. பெரிய கல்லும் சின்ன கல்லும் களிமண்ணும் ஒண்ணா குழைஞ்சு, கல்லைச் சுத்தி சேறு ஒட்டிகிட்டு இருந்தா, அது ஒரு காலத்துல மேல இருந்து சேறா இறங்கினது, திரும்பவும் அதே வழியில வரும். மூணாவது, மனைக்குள்ளயோ சுத்தியோ பாதி மண்ணுல புதைஞ்ச பெரிய உருண்டைக் கல்லுங்க இருந்தா, அதோட மலைப் பக்கத்து முகத்துல மண் ஏறியிருக்கா, பாசி எந்தப் பக்கம்னு பாருங்க, அடியெல்லாம் வெளுப்பா புது மண்ணுல உக்காந்திருந்தா உருண்டு வந்து ரொம்ப நாள் ஆகலை. அங்க ஆடு மேய்க்கற பெரியவங்க யாராவது இருந்தா எந்த மழையில எது வரைக்கும் கல்லு வந்துச்சுன்னு கேளுங்க. இது மூணுல ஒண்ணு இருந்தாலும் அந்த மனை வேணாம், கானாத்தை விட்டு தள்ளி மேட்டுப் பக்கமா வேற பார்க்கச் சொல்லுங்க. மூணும் இல்லன்னா கூட அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஜியாலஜிஸ்டை கூட்டிட்டு போய் மேல இருக்கற சரிவை ஒரு தடவை நடந்து பார்க்க வையுங்க, அரை நாள் வேலைதான். கிணத்து ஓரத்தோட போட்டோ கிடைச்சா இங்க போடுங்க, பக்கத்துல அளவுக்கு ஒரு ஸ்கேலோ தண்ணி பாட்டிலோ வெச்சு எடுங்க.